பார்சர் மாறினால் ஒயிட்ஸ்பேஸ் ஏன் மாறுகிறது? எக்ஸ்எம்எல்லில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே எக்ஸ்எம்எல் கோப்புதான், அதாவது தகவலை டேக்குகளுக்குள் எழுதி வைத்த கோப்பு. அதைப் படித்துப் பிரித்துக் கொடுக்கும் நிரல்தான் பார்சர்; ஸ்பேஸ், டேப், வரி முறிவு போன்றவை ஒயிட்ஸ்பேஸ். பைத்தானில் படித்தால் ஒரு மாதிரி வருகிறது, டாட்நெட்டில் வேறு மாதிரி, ஜாவாவிலோ எக்செப்ஷன் வீசிவிட்டு நின்றுவிடுகிறது. உடனே "இந்த பார்சரில் பக்" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். பெரும்பாலும் பக் எதுவும் இருக்காது, டிஃபால்ட்தான் ஆளுக்கு ஒன்றாக இருக்கும். அதைப் பார்க்காமல் கண்ட இடத்தில் எல்லாம் ட்ரிம் (முன்பின் இடைவெளியை வெட்டுவது) போட்டு ஒப்பேற்றுவதுதான் முதல் தவறு.

1998-ல் வந்த எக்ஸ்எம்எல் 1.0 விதி இதில் தெளிவாகவே இருக்கிறது: மார்க்அப் (டேக் போன்ற குறியீடு) அல்லாத எழுத்து எதுவானாலும் பார்சர் அதை அப்ளிகேஷனிடம் ஒப்படைத்தாக வேண்டும். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று நீங்கள் போட்ட இன்டென்ட், தட்டிய என்டர் எல்லாம் அதில் அடக்கம்.

<பட்டியல்>
  <பொருள்>அரிசி</பொருள்>
  <பொருள்>பருப்பு</பொருள்>
</பட்டியல்>

பட்டியலுக்குள் எத்தனை நோடு, அதாவது உறுப்பு? கண்ணுக்கு இரண்டு. டாம் (கோப்பை ஒரு மரமாக நினைவகத்தில் வைக்கும் முறை) கணக்கில் ஐந்து, ஏனென்றால் முன்னால், நடுவில், கடைசியில் இருக்கும் வரி முறிவும் இடைவெளியும் சேர்ந்து மூன்று டெக்ஸ்ட் நோடு ஆகிவிடும். ஜாவாவோடு வரும் பார்சர் ஐந்தையும் கொடுக்கும். மைக்ரோசாஃப்டின் எம்எஸ்எக்ஸ்எம்எல், டாட்நெட்டின் எக்ஸ்எம்எல்டாக்குமென்ட், எக்ஸ்டாக்குமென்ட் ஆகியவை நீங்கள் வேண்டும் என்று கேட்காத வரை வெற்று நோடுகளைக் கழித்துவிட்டு இரண்டு மட்டும் தரும். பைத்தானின் எலிமென்ட்ட்ரீ இன்னொரு தினுசு. அங்கே டெக்ஸ்ட் நோடு என்ற ஒன்றே கிடையாது, அந்த இடைவெளிகள் எல்லாம் டெக்ஸ்ட் (டேக் திறந்ததும் வரும் எழுத்து), டெயில் (டேக் மூடிய பின் வரும் எழுத்து) என்ற இரண்டு இடங்களில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே ஃபர்ஸ்ட்சைல்ட் (முதல் குழந்தை), "இரண்டாவது குழந்தை" என்று எண்ணிக்கையை நம்பி எழுதிய கோட் பார்சர் மாறியதும் விழத்தான் செய்யும். டேக் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், அல்லது எக்ஸ்பாத் (டேக்கைப் பாதை எழுதித் தேடும் மொழி) போடுங்கள், பிரவுசர் என்றால் டெக்ஸ்ட் நோடைத் தாண்டி முதல் டேக்கைத் தரும் ஃபர்ஸ்ட்எலிமென்ட்சைல்ட் இருக்கிறது.

சரி, வெற்று நோடுதானே தொல்லை, அதை மொத்தமாக நீக்கிவிடலாம் என்று தோன்றும். பைத்தானின் எல்எக்ஸ்எம்எல் லைப்ரரியில் அதற்கு ஒரு ஆப்ஷன் உண்டு, பிஎச்பியின் டாமிலும் உண்டு. விலைப்பட்டியல், கான்ஃபிக் போன்ற கோப்புகளில் தாராளமாகச் செய்யலாம். ஆனால் உரைநடையும் டேக்கும் கலந்து வரும் கோப்பில் கை வைக்காதீர்கள். <அடர்>பழைய</அடர்> <சாய்வு>சோறு</சாய்வு> என்பதில் நடுவில் இருக்கும் ஒற்றை இடைவெளியும் பார்சர் கண்ணுக்கு வெற்று நோடுதான், அது போனால் "பழையசோறு" என்று ஒட்டிக்கொண்டு வந்து நிற்கும். இதிலும் ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு. ஒரு டேக்குக்குள் ஒரே ஒரு ஸ்பேஸ் மட்டும் இருந்தால் எல்எக்ஸ்எம்எல்லுக்கு அடியில் இருக்கும் லிப்எக்ஸ்எம்எல்2 அதை விட்டுவைக்கும், டாட்நெட்டின் எக்ஸ்எம்எல்டாக்குமென்ட் அதையும் துடைத்துவிடும். பிரிப்பான் எழுத்தாக ஸ்பேஸைக் கான்ஃபிக்கில் வைத்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜாவாவில் "எலிமென்ட் கன்டென்ட் ஒயிட்ஸ்பேஸைப் புறக்கணி" என்ற செட்டிங்கை ட்ரூ ஆக்கிவிட்டு, ஒன்றுமே மாறவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் நிறைய. டிடிடி (எந்த டேக் எங்கே வரலாம் என்று சொல்லும் விதிப்பட்டியல்) இல்லாமல் அது வேலை செய்யாது. எந்த டேக்குக்குள் வெறும் டேக்குகள் மட்டும் வரும், எங்கே எழுத்தும் வரும் என்று யாராவது சொன்னால்தானே எது வெட்டி இடைவெளி என்று பார்சருக்குத் தெரியும்? டிடிடி இருந்தாலோ அதே பார்சர், சாக்ஸ் முறையில் (கோப்பை முழுதாக ஏற்றாமல், படிக்கப் படிக்க உங்கள் மெத்தடுகளை அழைக்கும் முறை) அந்த இடைவெளிகளை "கேரக்டர்ஸ்" மெத்தடுக்கு அனுப்பாமல் "இக்னோரபிள் ஒயிட்ஸ்பேஸ்" என்ற இன்னொரு மெத்தடுக்குத் திருப்பிவிடும். கோடில் ஒரு எழுத்துகூட மாறாமல், கோப்பின் தலையில் ஒரு வரி சேர்ந்ததற்கே விடை மாறிவிடும்.

சாக்ஸ் பற்றிப் பேச்சு வந்ததால் அதில் இருக்கும் பெரிய குழியையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் பார்த்த வரையில் அதிக நேரத்தைத் தின்பது இதுதான். "கேரக்டர்ஸ்" மெத்தட் ஒரு டேக்குக்கு ஒரு தடவைதான் அழைக்கப்படும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. பஃபர் (பார்சர் ஒரு தடவையில் படிக்கும் பகுதி) முடிகிற இடத்தில், என்டிட்டி (ஒரு எழுத்துக்குப் பதிலாக எழுதும் குறியீடு) வருகிற இடத்தில், எக்ஸ்பாட் என்ற பார்சர் என்றால் வரி முறிகிற இடத்திலும் துண்டு துண்டாக வரும். ஒவ்வொரு துண்டு வந்ததும் ட்ரிம் செய்து சேர்த்தால், ஆம்பர்சாண்டை என்டிட்டியாக எழுதிய "இட்லி & வடை" என்பது "இட்லி&வடை" ஆகிவிடும். என்டிட்டி இல்லாத கோப்பில் இன்னும் மோசம்: சின்ன டெஸ்ட் கோப்பு எல்லாம் பாஸ் ஆகும், 200 எம்பி கோப்பு வந்ததும் எங்கோ நடுவில் ஒரு பெயரில் மட்டும் இடைவெளி காணாமல் போகும், பார்சரை மாற்றினால் பஃபர் அளவும் மாறி வேறொரு பெயரில் காணாமல் போகும். துண்டுகளை அப்படியே சேர்த்து வைத்து, மூடும் டேக் வந்த பிறகு ஒரே ஒரு முறை ட்ரிம் செய்யுங்கள்.

அட்ரிபியூட்டுக்குள் (டேக்குக்குள்ளேயே பெயர்=மதிப்பு என்று எழுதுவது) பல வரி எழுத்தைத் திணிப்பதும் வேண்டாம். அங்கே இருக்கும் டேப், வரி முறிவு ஒவ்வொன்றையும் பார்சர் ஸ்பேஸாக மாற்றியே ஆக வேண்டும் என்பது விதி. வரி முறிவு கட்டாயம் வேண்டுமென்றால் &#10; என்று எழுதுங்கள், அது தப்பிக்கும். டிடிடியில் அந்த அட்ரிபியூட்டை ஐடி, என்எம்டோக்கன்ஸ் மாதிரி வகையாக அறிவித்திருந்தால் முன்பின் இடைவெளியும் வெட்டப்பட்டு நடுவில் இருப்பதும் ஒன்றாகச் சுருங்கும். வெளியே இருக்கும் டிடிடியைப் படிக்காத பார்சருக்கு இந்த விஷயமே தெரியாது, இடைவெளிகளைச் சுருக்காமல் கொடுத்துவிடும். பாதுகாப்புக்காக வெளி டிடிடியை அணைத்து வைப்பது இப்போது வழக்கம், அணைக்கவும் வேண்டும், அணைத்த மறுநாள் ஒப்பீடு ஏதாவது தோற்றால் இங்கே பாருங்கள். அப்புறம், விண்டோஸ் பாணி வரி முறிவுகளைப் பார்சர் உள்ளே நுழையும்போதே ஒற்றை லைன் ஃபீடாக ஆக்கிவிடும். கேரேஜ் ரிட்டர்ன் பிழைக்க வேண்டுமென்றால் &#13; தான் வழி.

பார்சர் மேல் பழி விழும், ஆனால் அதற்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு கேஸ். எக்ஸ்எம்எல்லுக்கு ஒயிட்ஸ்பேஸ் என்றால் ஸ்பேஸ், டேப், கேரேஜ் ரிட்டர்ன், லைன் ஃபீடு என்று நான்கே எழுத்துதான். வேர்டிலிருந்தும் வலைப்பக்கத்திலிருந்தும் ஒட்டிக்கொண்டு வரும் நான்-பிரேக்கிங் ஸ்பேஸ், அதாவது &#160;, அதில் சேராது. பைத்தானின் ஸ்ட்ரிப், ஜாவாஸ்கிரிப்டின் ட்ரிம் இரண்டும் அதை வெட்டும், ஜாவாவின் ட்ரிம் வெட்டாது. இரண்டாவது, எண்கள். எக்ஸ்எம்எல் ஸ்கீமாவில் (கோப்பின் அமைப்பையும் மதிப்புகளின் வகையையும் அறிவிக்கும் விதிக்கோப்பு) இன்டிஜர், அதாவது முழு எண் என்று அறிவித்த இடத்தில் முன்பின் இடைவெளியோடு 42 இருந்தாலும் வேலிடேஷன் பாஸ் ஆகும். அதே எழுத்தைப் பைத்தானின் இன்ட் ஏற்றுக்கொள்ளும், ஜாவாவின் பார்ஸ்இன்ட் எக்செப்ஷன் வீசும். "வேலிடேட் ஆன கோப்பு எப்படி உடையும்" என்று அனுப்பியவரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

எக்ஸ்எம்எல்:ஸ்பேஸ் அட்ரிபியூட்டில் ப்ரிசர்வ் (அப்படியே வை) என்று போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்ற நம்பிக்கையும் அரைகுறைதான். அது அப்ளிகேஷனுக்கு விடுக்கும் வேண்டுகோள், அவ்வளவே. வேர்ட் அதை மதிக்கும். டாக்எக்ஸ் கோப்பை நீங்களே கோடில் உருவாக்கும்போது அது இல்லாவிட்டால் துண்டுகளின் முன்பின் ஸ்பேஸ் விழுந்து வார்த்தைகள் ஒட்டிக்கொள்ளும். ஆண்ட்ராய்டின் ஸ்ட்ரிங்ஸ் கோப்போ தன் சொந்த விதிப்படி, எக்ஸ்எம்எல் படித்து முடித்த பிறகு, இடைவெளிகளைச் சுருக்குகிறது. &#32; என்று ஸ்பேஸைக் குறியீடாகப் போட்டாலும் பயனில்லை, எழுத்தை இரட்டை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும்.

எக்ஸ்எம்எல் டிக்ளரேஷனுக்கு (கோப்பின் தொடக்கத்தில் பதிப்பைச் சொல்லும் வரி) முன்னால் ஒரு வெற்று வரி இருந்தால் போதும், ஒழுங்கான பார்சர் எதுவும் கோப்பை ஏற்காது. பிஎச்பியில் எங்கோ ஒரு இன்க்ளூட் கோப்பின் கடைசியில் இருக்கும் வெற்று வரிதான் வழக்கமான குற்றவாளி.

கடைசியாக, ப்ரெட்டி ப்ரின்ட், அதாவது இன்டென்ட் போட்டு அழகாக வெளியிடுவது. ஏற்கெனவே இன்டென்ட் இருக்கும் கோப்பைப் படித்து பைத்தானின் மினிடாம் வழியாக மறுபடி அழகுபடுத்தினால், ஒவ்வொரு சுற்றுக்கும் வெற்று வரிகள் பெருகும். ஜாவா 8-ல் ஒழுங்காக இருந்த வெளியீடு 9-க்குப் போனதும் இடையிடையே வெற்று வரியோடு வந்ததற்கும் காரணம், பழைய இன்டென்டை அது உள்ளடக்கமாக எடுத்துக்கொள்வதுதான். பழைய வெற்று நோடுகளை நீக்கிவிட்டு இன்டென்ட் செய்யுங்கள். பைத்தான் 3.9 முதல் எலிமென்ட்ட்ரீயில் இன்டென்ட் ஃபங்ஷனே இருக்கிறது, அது பழையதன்மேல் புதியதை எழுதிவிடும். டிஜிட்டல் கையொப்பம் இட்ட எக்ஸ்எம்எல்லை மட்டும் எந்த நிலையிலும் அழகுபடுத்தாதீர்கள். கேனோனிகலைசேஷன் (கையொப்பத்துக்காகக் கோப்பை ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றும் படி) அதையெல்லாம் சரிசெய்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. ரூட் டேக்குக்கு வெளியே இருப்பதை அது ஒழுங்குபடுத்தும், உள்ளே டேக்குகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி அப்படியே ஹேஷ் கணக்கில் சேரும். ஒரு ஸ்பேஸ் கூடினாலும் கையொப்பம் செல்லாது. அதனால் வந்த பைட்டுகளை வந்தபடியே சேமித்து வைத்து அதைச் சரிபாருங்கள், லாகில் பார்க்க வசதியாக வேண்டுமென்றால் தனியாக ஒரு நகல் எடுத்து அதை இன்டென்ட் செய்துகொள்ளுங்கள்.