வலென்சியா சந்தையில் செய்யக்கூடாத தவறுகள்

ஸ்பெயினின் கிழக்குக் கரையில் இருக்கும் வலென்சியாவுக்குப் போகிறவர்கள் மெர்காடோ சென்ட்ரால் சந்தையைப் பார்க்காமல் திரும்புவது அபூர்வம். 1928-இல் திறந்த கட்டடம். 8,000 சதுர மீட்டருக்கு மேல் பரப்பு. இரும்புத் தூண், கண்ணாடி, வண்ண ஓடு, கோபுர உச்சியில் காற்றுத் திசை காட்டும் ஒரு கிளி. எதிரிலேயே யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் பழைய பட்டு வணிக மண்டபம், லோன்ஹா. படம் எடுக்கக் கை பரபரப்பது இயல்புதான். ஆனால் அங்கே பை தூக்கிக்கொண்டு நடக்கும் பாட்டிகள் அன்றைய மதியச் சமையலுக்குச் சாமான் வாங்க வந்தவர்கள். அது காட்சிசாலை இல்லை, காய்கறிக் கடை. இதை மறந்துவிடுவதால்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன.

முதலில் நேரம். திங்கள் முதல் சனி வரை காலை ஏழரை மணிக்குத் திறந்து மதியம் மூன்று மணிக்கு மூடிவிடுவார்கள். ஞாயிறு விடுமுறை, அரசு விடுமுறை நாட்களிலும் அப்படியே. ஸ்பெயினில் எல்லாம் தாமதமாகத்தான் நடக்கும் என்று கேள்விப்பட்டு இரண்டரை மணிக்குப் போனால், மீன் கடைக்காரர் ஐஸை வாரிக் கொட்டிவிட்டுப் பலகையைக் கழுவிக்கொண்டிருப்பார். எட்டரை மணியிலிருந்து பத்து மணிக்குள் போவது நல்லது. சனிக்கிழமை உள்ளே நகர முடியாத கூட்டம் இருக்கும். மார்ச் மாதம் ஃபாயஸ் திருவிழாச் சமயத்தில் போகிறவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை: மார்ச் 1 முதல் 19 வரை தினமும் மதியம் இரண்டு மணிக்கு நகராட்சிச் சதுக்கத்தில் வெடிக்கட்டு வெடிப்பார்கள். சந்தைக்குப் பக்கத்துத் தெருக்களெல்லாம் அதற்கு முன்பே நிரம்பிவிடும்.

மீன் வாங்க நினைப்பவர்கள் திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். வார இறுதியில் படகுகள் கடலுக்குப் போகாது. அதனால் திங்களன்று புது மீன் குறைவு, சில கடைகள் திறப்பதே இல்லை.

இன்னொரு குழப்பம், பெயரில். வரைபடத்தில் 'மெர்காடோ' என்று போட்டிருப்பதை எல்லாம் சந்தை என்று நம்பக்கூடாது. 1916-இல் கட்டிய மெர்காடோ தே கோலோன் அழகான கட்டடம், ஆனால் இன்று அது காபிக்கடைகளும் உணவகங்களும் நிறைந்த இடம். தக்காளி வாங்க அங்கே போய் நிற்காதீர்கள். கூட்டம் குறைந்த, உள்ளூர்க்காரர்களின் சந்தை வேண்டுமென்றால் ருசாஃபா அல்லது கடற்கரைப் பக்கம் கபன்யால் போகலாம். வியாழக்கிழமை கபன்யால் சந்தையைச் சுற்றித் தெருக்கடைகளும் போடுவார்கள்: துணி, செருப்பு, பாத்திரம், பழம் என்று. ருசாஃபாவில் அது திங்கட்கிழமை.

வரிசை இல்லாத வரிசை

கடைக்கு முன்னால் ஐந்தாறு பேர் ஆளுக்கொரு திசையில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். யாரும் வரிசையில் இல்லையே என்று நேராகப் போய்க் கடைக்காரரிடம் கையை நீட்டினால் முறைப்பார்கள். ஏனென்றால் வரிசை இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியாது. வருகிறவர் "கியேன் எஸ் எல் ஊல்தீமோ?" என்று பொதுவாகக் கேட்பார். கடைசியாக வந்தவர் யார் என்று அர்த்தம். ஒருவர் கையைத் தூக்குவார். அவருக்கு அடுத்தது நீங்கள். பிறகு எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம், அந்த ஆள்மீது மட்டும் ஒரு கண் இருக்க வேண்டும். சில கடைகளில் சீட்டு இயந்திரம் இருக்கும். அங்கே எண்ணைக் கிழித்துக்கொண்டால் போதும்.

பழத்தை அமுக்கிப் பார்ப்பது நம் கை வழக்கம். வலென்சியாவில் அதை மறந்துவிடுங்கள். எதையும் தொடாமல், என்ன வேண்டும், எவ்வளவு, எதற்கு என்று மட்டும் சொல்ல வேண்டும். "இன்றைக்கே சாப்பிட" என்றால் ஒரு மாம்பழம் தருவார், "நாளன்றைக்கு" என்றால் வேறொன்று. நம்பலாம், அதுதான் அவர் தொழில். விலையும் பேசக்கூடாது. எல்லாவற்றிலும் கிலோ விலை எழுதி மாட்டியிருக்கும். பேரம் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தையோடு சரி.

எடைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பக்கத்தில் நிற்பவர் "குவார்த்தோ இ மிதாத்" என்று கேட்டால் குழம்ப வேண்டாம். கால் கிலோவும் அதில் பாதியும், ஆக 375 கிராம். நமக்கு நூறு கிராம், அரைக் கிலோ என்று கேட்டாலே போதும். பெரும்பாலான கடைகளில் வங்கி அட்டையில் பணம் வாங்குவார்கள். ஆனால் இரண்டு எலுமிச்சைக்கு ஐம்பது யூரோ நோட்டை நீட்டாதீர்கள். பிளாஸ்டிக் பைக்குக் காசு வாங்குவார்கள் என்பதால் கையில் துணிப்பை இருப்பது நல்லது.

மீன் பகுதியில் பலர் விலையை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்தச் சின்ன அட்டையில் நிறைய விஷயம் இருக்கிறது. பிடித்ததா வளர்த்ததா, எந்தக் கடல், உறைய வைத்து உருக்கியதா என்பதை எல்லாம் எழுத வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. கடல் பகுதிக்கு எண் போட்டிருப்பதும் உண்டு. 37 என்றால் மத்தியதரைக் கடல், 27 என்றால் வடகிழக்கு அட்லாண்டிக். 57 என்று பார்த்தால் சிரித்துக்கொள்ளுங்கள், கிழக்கு இந்தியப் பெருங்கடல். நம் வங்காள விரிகுடாவும் அதில்தான் வரும். 'தெஸ்கோன்ஹெலாதோ' என்றால் உறைய வைத்து உருக்கியது. தவறான சரக்கு என்று இல்லை, ஆனால் புது மீன் விலை கொடுக்கத் தேவையில்லை. வாங்கிய மீனைச் செதில் எடுத்து, குடல் நீக்கி, வேண்டிய மாதிரி வெட்டியும் தருவார்கள். அதைக் கேட்காமல் விடுதி அறையின் குட்டிச் சமையலறையில் போய் அல்லாடுவானேன்!

பருவமும் முக்கியம். மே முதல் ஆகஸ்ட் வரை, அதாவது ஸ்பானிய மொழியில் 'ஆர்' எழுத்து வராத மாதங்களில், க்ளோசினா என்ற உள்ளூர்ச் சிப்பி கிடைக்கும். சிறியது, ருசி அதிகம். அந்தச் சமயத்தில் போய்விட்டு, பெரிதாக இருக்கிறதே என்று ஸ்பெயினின் வடமேற்கு மூலையான கலீசியாவிலிருந்து வரும் மஸல் சிப்பியை வாங்குவது பாவம். வலென்சியாவுக்கே பெயர் வாங்கித் தந்த ஆரஞ்சோ குளிர்காலப் பழம். கோடையில் போய்விட்டு, இதுவா வலென்சியா ஆரஞ்சு என்று முகம் சுளிக்கக் கூடாது.

சாப்பாட்டில் ஏமாறும் இடங்கள்

சைவம் சாப்பிடுகிறவர்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் சூரை மீன் போட்ட சாலட் வரும். மீன் அங்கே இறைச்சிக் கணக்கில் வராது, பொடியாக நறுக்கிய பன்றி ஹாமும் சில சமயம் வராது. எஸ்கர்ராயெத் என்று ஒன்று: சுட்ட சிவப்புக் குடைமிளகாயைக் கிழித்து எண்ணெயில் ஊற வைத்தது, பார்க்க அசல் சைவம். உள்ளே உப்புக் கருவாடாகக் காட் மீன் இருக்கும். பொரித்த உருண்டையான குரோகெட்டாவில் ஹாம், பருப்புக் குழம்பில் சொரிசோ என்னும் பன்றித் தொத்திறைச்சி, உருளைக்கிழங்கு சாலட்டில் சூரை. சுருட்டிய இனிப்பு ரொட்டி என்சைமாதாவில் பன்றிக் கொழுப்பு. பாரம்பரியப் பாலாடைக்கட்டி பலவற்றில், பாலைத் திரிய வைக்க விலங்கின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரெனெட். ஆகவே மீன் இல்லை, ஹாம் இல்லை, சூரை இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்க வேண்டும். முட்டை சாப்பிடுவீர்களென்றால் உருளைக்கிழங்கு போட்ட முட்டை அடையான தோர்த்தியா காப்பாற்றும். அப்புறம் தக்காளி தேய்த்த ரொட்டி, ஆலிவ், வறுத்த பாதாம்.

காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்றுக்குள் உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் இடைச் சிற்றுண்டிக்கு எஸ்மோர்சாரெத் என்று பெயர். பெரிய ரொட்டிக்குள் ஏதாவது, தொட்டுக்கொள்ள வேர்க்கடலையும் ஆலிவும், முடிவில் ரம்மைக் கொளுத்திச் செய்யும் கிரெமாயெத் காபி. விடுதியில் வயிறு முட்ட இலவசக் காலை உணவு சாப்பிட்டுவிட்டுச் சந்தைக்குப் போவது என் கணக்கில் பெரிய தவறு.

அகன்ற சட்டியில் செய்யும் அரிசி உணவான பயேயா மதியச் சாப்பாடு. இரவில் வண்ணப் படப் பலகை வைத்து விற்கும் இடங்களைத் தாண்டிப் போய்விடுங்கள். வலென்சியாவின் அசல் பயேயாவில் இறால் கிடையாது. கோழி, முயல், பட்டை பீன்ஸ், கர்ரோஃபோ என்னும் பெரிய வெள்ளை மொச்சை, சில வீடுகளில் நத்தை. அந்த நத்தையும் மொச்சையும் சந்தையிலேயே விற்கும்.

ஓர்சாத்தாவைப் பால் பானம் என்று நினைத்து ஒதுக்குகிறவர்கள் உண்டு. அதில் பாலே இல்லை. நம் வயல் வரப்பில் முளைக்கும் கோரையின் இனத்தைச் சேர்ந்த ஒரு புல்லின் கிழங்கை ஊற வைத்து அரைத்துப் பிழிந்தது. அன்றன்று பிழிந்ததைக் குளிரக் குளிரக் குடிக்க வேண்டும். பெட்டியில் அடைத்ததைக் குடித்துவிட்டு நன்றாக இல்லை என்று சொன்னால் செல்லாது.

ஊருக்கு எடுத்து வருவதில்

குங்குமப்பூ என்று சொல்லி ஐம்பது கிராம் பொட்டலம் இரண்டு மூன்று யூரோவுக்குக் கிடைத்தால் அது குங்குமப்பூ இல்லை. ஒரு கிராமே சில யூரோ ஆகும். தூளை விட்டுவிட்டு இழையாக, லா மான்சா பகுதியின் முத்திரை உள்ளதை வாங்குங்கள். 'கொலொராந்தே' என்று எழுதியிருப்பது வெறும் மஞ்சள் சாயம்.

சந்தைக்கு வெளியே பயேயாச் சட்டிகள் மாட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். ஆசைக்குப் பெரியதாக வாங்காதீர்கள். நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் போனால் வீட்டு அடுப்புத் தீ ஓரம் வரை எட்டாது. நடுவில் அடிப்பிடிக்கும், ஓரத்தில் அரிசி வேகாது. சாதா இரும்புச் சட்டியைக் கழுவியவுடன் துடைத்து எண்ணெய் தடவாவிட்டால் மறுநாளே துரு. அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் எனாமல் பூசியதை எடுக்கலாம். இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் கடைக்காரரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இபேரிக்கோ என்னும் பன்றி இனத்தின் ஹாம் வாங்குகிறவர்கள் அந்தப் பன்றிக் காலில் கட்டியிருக்கும் பட்டையின் நிறத்தைப் பார்க்க வேண்டும். கறுப்பு என்றால் முழு இபேரிக்கோ இனம், ஓக் கொட்டை தின்று வளர்ந்தது. சிவப்பு என்றால் கலப்பினம், தீனி அதேதான். பச்சை, வெள்ளை அதற்குக் கீழே. லண்டனிலிருந்து விடுமுறைக்குப் போகும் நம்மவர்கள் கவனிக்க: 2025 ஏப்ரல் முதல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பன்றி, மாடு, ஆடு இறைச்சியையும் பால் பொருட்களையும் சொந்த உபயோகத்துக்குக்கூட பிரிட்டனுக்குள் கொண்டுவரத் தடை இருக்கிறது. வெற்றிடப் பொதி போட்டுக் கொடுத்தாலும் சுங்கத்தில் பிடுங்கிவிடுவார்கள். ஹாமை அங்கேயே மெல்லிசாக நூறு கிராம் சீவித் தரச் சொல்லி, ரொட்டியோடு லோன்ஹா படிக்கட்டுப் பக்கம் நின்று சாப்பிட்டு முடித்துவிடலாம்.