நீலகிரி ஈரத்தில் பழைய பஸ், ரயில் டிக்கெட்டுகளைக் காப்பது எப்படி

ஊட்டி, குன்னூர் பக்கம் பள்ளியிலோ நூலகத்திலோ போக்குவரத்து வரலாற்றுக்கென ஒரு காட்சி மூலை அமைக்கிறீர்களா? கண்ணாடிப் பேழை வாங்குவதற்கு முன்பே ஈரப்பத மீட்டரை வாங்குங்கள். காகிதத்துக்கு 45 முதல் 55 சதவீதம் ஏற்றது. 65ஐத் தாண்டிச் சில நாள் நீடித்தால் பூஞ்சை பிடிக்கும். ஆனி, ஆடி மழையில் இங்கே பூட்டிய அறையும் தாண்டிவிடும்.

வெளிச்சுவரில் ஃப்ரேம் மாட்டவே கூடாது. இரவில் சுவர் குளிர்ந்து ஃப்ரேமின் முதுகு வேர்க்கும். இரும்பு பீரோவும் அதே ரகம்தான். உள்சுவரில், பின்னால் ஒரு அங்குலம் காற்றோட இடம் விட்டு மாட்டுங்கள்.

கட்டுக்கட்டாக வரும் டிக்கெட்டுகளில் ரப்பர் பேண்டு இளகி ஒட்டியிருக்கும். இழுக்காமல் கத்தரித்து எடுங்கள். துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னுக்கு அடியில் மெல்லிய பாலியெஸ்டர் தாளைச் செருகி, கால்களை நிமிர்த்திய பின்பே உருவ வேண்டும். செல்லோ டேப் இருந்தால் அப்படியே விடுங்கள். பிய்த்தால் எழுத்தும் சேர்ந்து வரும். வண்ணத்தாள் பஸ் டிக்கெட்டில் ஈரத்துணி பட்டாலே சாயம் கசியும், ஆகவே மென்மையான பிரஷ் மட்டும்.

வெள்ளிப்பூச்சி அரித்த கட்டைத் தனியே பாலித்தீன் பையில் காற்றுப்புகாமல் மூடி, வீட்டு ஃப்ரீசரில் (மைனஸ் 18 டிகிரி) இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் 24 மணி நேரம் பையைத் திறக்கக் கூடாது. அவசரப்பட்டால் குளிர்ந்த காகிதத்தில் நீர் கோக்கும்.

பிளாஸ்டிக் வாடை அடிக்கும் பிவிசி ஆல்பம் வேண்டாம், மை அதில் ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் உறையில் இட்டு, மூடியுள்ள 20 லிட்டர் பெட்டியில் 200 கிராம் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். மீட்டர் 40க்குக் கீழே போனால் ஜெல்லைக் குறையுங்கள், காகிதம் நொறுங்கும். மெஷினில் அடித்த தெர்மல் டிக்கெட் தானாகவே வெளிறும், வந்த அன்றே ஸ்கேன் செய்துவிடுங்கள்.

விவரச் சீட்டு எழுதும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். அணாவில் கட்டணம் இருந்தால் பெரும்பாலும் 1957க்கு முந்தையது. நயா பைசா என்றால் 1957 முதல் 1964 வரை, பழைய இருப்பு தீரும்வரை கொஞ்சம் பிந்தியும் இருக்கலாம். சேரன் போக்குவரத்துக் கழகப் பெயர் 1972க்குப் பிந்தையது. 1997ல் அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற பொதுப்பெயர் வந்தது. மலை ரயிலுக்கு ஒரே ஆண்டைப் போடாதீர்கள்: மேட்டுப்பாளையம்–குன்னூர் 1899, ஊட்டி வரை 1908, யுனெஸ்கோ அங்கீகாரம் 2005. அட்டை டிக்கெட்டில் பரிசோதகர் வெட்டிய பள்ளம் சேதமல்ல, பயணத்தின் சாட்சி. அதை ஒட்டுப் போட்டு நிரப்ப வேண்டாம்.

காட்சிக்கு 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் கூடாது; ஜன்னலோரம் என்றால் நகலை வைத்து, அசலைப் பெட்டியிலேயே விடுங்கள்.