கமாண்டோ பயிற்சிக்கு முன்: சேலத்தில் இருந்தபடி உடம்பைத் தயார் செய்வது

தரைப்படையின் பாரா எஸ்.எஃப்., கடற்படையின் மார்கோஸ், விமானப்படையின் கருட் என எந்தச் சிறப்புப் படையானாலும் தேர்வில் ஆளைப் படுத்துவது முதுகுச் சுமையும் தூக்கமின்மையும்தான். ஆள்சேர்ப்பு முகாமுக்காக 1.6 கி.மீ. ஓட்டத்தை ஐந்தரை நிமிடத்துக்குள் முடிக்கப் பழகியவர்கள், அதையே இன்னும் வேகமாக ஓடினால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். மூச்சு சில வாரங்களில் தேறிவிடும். கால் எலும்பும் குதிகால் தசைநாணும் உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும். மூச்சு தாங்குகிறதே என்று சுமையை ஏற்றுவதால்தான் கால் போகிறது.

5 கி.மீ.யை 25 நிமிடத்துக்குள் வலியில்லாமல் ஓட வேண்டும். கையை முழுக்க நீட்டித் தொங்கி, உதறாமல் பத்து புல்-அப் எடுக்க வேண்டும். இவை வரும்வரை சுமைப் பையைத் தொடாதீர்கள்.

பைக்குள் மணல், செங்கல் வேண்டாம், தண்ணீர்தான் வசதி. இரண்டு லிட்டர் பாட்டில் ஐந்து வைத்தால் 10 கிலோ. அடியில் ஒரு போர்வையை மடித்துப் போட்டு, பாட்டில்களைத் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே முதுகோடு ஒட்டி நிற்கும்படி அடுக்குங்கள். பாரம் கீழே தொங்கினால் இடுப்பு பின்னால் இழுக்கும், உடம்பு முன்னால் குனியும், மறுநாள் அடிமுதுகு பிடித்துக்கொள்ளும்.

முதல் மாதம் சமதளம்: மூக்கனேரிப் பக்கம் 6 கி.மீ. நடை, கிலோமீட்டருக்கு 11, 12 நிமிடம், வாரம் ஒரே ஒரு நாள். சுமையோடு ஓட வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 2 கிலோ கூட்டலாம், அல்லது 2 கி.மீ. கூட்டலாம், இரண்டையும் ஒன்றாகக் கூட்டக் கூடாது. நான்காவது வாரம் பாதியாகக் குறையுங்கள். உடல் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீட்டுப் பயிற்சியில் தேவையே இல்லை.

இரண்டாம் மாதம் ஏற்காடு அடிவாரம். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் முதல் நாளே முடிக்கப் பார்க்காதீர்கள். வளைவுக்கு வளைவு தூரம் மாறும் என்பதால் கடிகாரத்தைப் பாருங்கள்: 45 நிமிடம் ஏற்றம், அடுத்த முறை ஒரு மணி நேரம். நன்றாக விடிந்த பிறகு கிளம்புங்கள். இருட்டில் காட்டெருமை சாலையோரம் நின்றால் அருகில் போகும்வரை தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சுற்றுலா வண்டி நெரிசலில் அந்தப் பக்கமே வேண்டாம்.

ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். முட்டியைக் கெடுப்பது இறக்கம். ஒவ்வொரு அடியிலும் தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் போட வேண்டியிருக்கிறது; அது தளர்ந்ததும் அதிர்ச்சி மூட்டுக்குப் போகிறது. அதனால் மேலே போனதும் குடிக்க ஒரு பாட்டிலை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள். காலி பாட்டில் பையிலேயே இருக்கட்டும், மலையில் வீசுவதற்கு அல்ல. பஸ் கிடைத்தால் இறக்கத்துக்கு ஏறிக்கொள்ளலாம், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி வந்தால் விரலால் அழுத்திப் பாருங்கள். உள்விளிம்பு நெடுக வலித்தால் தசை எரிச்சலாக இருக்கலாம்; ஒரு வாரம் ஓட்டத்தை விட்டுச் சைக்கிள் மிதியுங்கள். ஒரே புள்ளியில் சுருக்கென்று குத்தி, இரவிலும் வலித்தால் எலும்பில் கீறலாக இருக்கக்கூடும். ஆரம்ப நாட்களில் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும். ‘எக்ஸ்ரே நார்மல்’ என்று மறுபடி பையை மாட்டாமல் எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

பூட்ஸைச் சுமையில்லாமல் இரண்டு வாரம் போட்டுப் பழக்கிவிட்டு, மெல்லிய சாக்ஸ் மேல் தடித்த சாக்ஸ் போடுங்கள். குதிகால் சூடாக உரசுகிறது என்றால் அந்த இடத்திலேயே நின்று டேப் ஒட்ட வேண்டும். கொப்புளமான பிறகு ஒட்டிப் பயனில்லை.

சேலத்துச் சித்திரை வெயிலில் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். ஒரு ஓ.ஆர்.எஸ். பொட்டலத்துக்கு உறையில் சொன்ன அளவு தண்ணீர்தான், கெட்டியாகக் கரைக்காதீர்கள். கடும் பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கறுப்புக் காபி நிறத்தில் போனால் தசை சிதைகிறது என்று பொருள், அன்றே ஆஸ்பத்திரி. பேச்சு குழறினால் நிழலில் படுக்கவைத்து உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐக் கூப்பிடுங்கள்.

கிணற்று நீச்சல் தெரிந்தவர்களுக்கு ஒன்று: தண்ணீருக்கடியில் மூச்சடக்கும் பழக்கத்தைத் தனியாகச் செய்யவே கூடாது. முன்னறிவிப்பே இல்லாமல் நினைவு தப்பும்.

கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பே சுமைநடையை நிறுத்திவிட்டு, லேசான ஓட்டம், எட்டு மணி நேரத் தூக்கம், வழக்கமான வீட்டுச் சாப்பாடு. கால் நகங்களை இரண்டு நாள் முன்பு நேராக வெட்டிக்கொள்ளுங்கள்.