பள்ளியில் தொற்றுநோய் பரவும்போது: கிருமிநாசினிக்கு முன்னால் மாற்ற வேண்டியவை

ஒரே வகுப்பில் மூன்று நான்கு பிள்ளைகள் ஒரே வாரத்தில், ஒரே மாதிரி உடம்புக்கு முடியாமல் லீவு போட்டால் அதைத் தற்செயல் என்று விட்டுவிடக் கூடாது. அன்றைக்கே வேலை தொடங்க வேண்டும்.

பாடம் எடுப்பதோடு பள்ளியின் சுகாதாரப் பொறுப்பையும் நீண்ட காலமாக நான் பார்த்து வருகிறேன். தொற்று பரவுகிறது என்று தெரிந்ததும் பெரும்பாலான பள்ளிகளில் முதலில் நடப்பது கிருமிநாசினி வாங்குவதும் வாசலில் போஸ்டர் ஒட்டுவதும்தான். இரண்டும் தேவைதான். ஆனால் அதற்கும் முன்னால் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது: "பிள்ளைக்கு நேற்றிரவு காய்ச்சல் இருந்தது" என்று ஒரு பெற்றோர் பயமில்லாமல் சொல்லும்படி பள்ளியின் விதிகளை மாற்றுவது. பெற்றோர் உண்மையைச் சொல்லாத பள்ளியில் மற்ற எந்த விதியும் நிற்காது.

லீவு போட்டால் நஷ்டம் என்ற நிலையை எடுத்துவிடுங்கள்

காலை 7 மணிக்கு வீட்டில் ஒரு பாராசிட்டமால் கொடுத்து அனுப்புகிறார்கள். அது 4 முதல் 6 மணி நேரம் தாங்கும். முதல் இரண்டு பீரியடில் பிள்ளை நன்றாகத்தான் இருக்கும். மதிய இடைவேளை நெருங்கும்போது மேசையில் தலை சாய்க்கும், கண் சிவந்திருக்கும், உடம்பு கொதிக்கும். அதற்குள் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளையின் தண்ணீர் பாட்டிலில் குடித்து, எல்லோருடைய நோட்டையும் வாங்கிக் கொடுத்து, இறைவணக்கத்தில் நெருக்கி நின்று முடித்திருக்கும்.

அந்தப் பெற்றோரைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. வேலைக்குப் போனால்தான் அன்றைய சம்பளம். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. போதாக்குறைக்குப் பள்ளியும் நூறு சதவீத வருகைக்கு மேடையேற்றிப் பரிசு கொடுக்கிறது. அந்தப் பரிசை நிறுத்துங்கள். தொற்று இருக்கும் மாதத்தில் மட்டுமல்ல, எப்போதுமே. காய்ச்சலோடு பள்ளிக்கு வந்த பிள்ளைக்குக் கை தட்டும் வழக்கம் நமக்கு வேண்டவே வேண்டாம்.

அப்புறம் மூன்று விஷயங்களை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். குறுகிய கால லீவுக்கு டாக்டர் சான்றிதழ் கேட்க மாட்டோம். விட்டுப்போன தேர்வை வேறொரு நாளில் எழுதலாம். அன்றைய பாடம் வகுப்பாசிரியர் வழியாக வீட்டுக்கு வந்து சேரும். இந்த மூன்றையும் சொன்னால் மட்டும் போதாது, ஒரு முறையாவது செய்து காட்ட வேண்டும். முதல் பிள்ளைக்குத் தேர்வு மறுபடி வைத்தார்கள் என்று தெரிந்த பிறகுதான் மற்ற வீடுகள் நம்பும்.

எத்தனை நாள் வீட்டில் இருக்க வேண்டும்

இதை ஒரே தாளில் எழுதி அலுவலகத்திலும் ஆசிரியர் அறையிலும் ஒட்டி வையுங்கள். "நல்லாயிட்டா அனுப்புங்க" என்று வாய்ப்பேச்சாகச் சொல்வதால்தான் குழப்பமே வருகிறது.

காய்ச்சல், சளி, இருமல் என்றால், காய்ச்சல் மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருக்க வேண்டும். "மாத்திரை இல்லாமலே" என்பதை அடிக்கோடிட்டு எழுதுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் கடைசியாக வந்ததிலிருந்து 48 மணி நேரம். தட்டம்மை என்றால் தடிப்பு தோன்றிய நாளுக்குப் பிறகு 4 நாள். சின்னம்மையில் நாள் கணக்கைவிடப் பொருக்குதான் முக்கியம். எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்கு கட்டும்வரை வீட்டில்தான், பொதுவாக 5 முதல் 7 நாள் ஆகும். பொன்னுக்கு வீங்கி என்றால் வீக்கம் தொடங்கியதிலிருந்து 5 நாள். கக்குவான் இருமலுக்கு ஆன்டிபயாடிக் தொடங்கி 5 நாள் முடிய வேண்டும். உங்கள் ஊர்ச் சுகாதாரத் துறை இதைவிடக் கூடுதலாகச் சொன்னால் அதுதான் விதி.

கை-கால்-வாய் நோயில் மட்டும் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் அடிக்கடி சண்டை வரும். காய்ச்சல் விட்டு, வாய்ப்புண்ணால் எச்சில் வடிவது நின்று, பிள்ளை தெம்பாக இருந்தால் வரலாம். அந்த வைரஸ் மலத்தில் வாரக்கணக்கில் வெளியேறும். அவ்வளவு நாளும் பிள்ளையை வீட்டில் வைப்பது நடக்கிற காரியம் இல்லை. கழிப்பறைக்குப் போய் வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவ வைப்பதுதான் அங்கே நம்மால் முடிந்த பாதுகாப்பு.

காலையில் ஒரு பார்வை

1918-ல் இன்ஃப்ளுயன்சா உலகத்தையே ஆட்டியபோது பல அமெரிக்க நகரங்கள் பள்ளிகளை மூடின. நியூயார்க் மூடவில்லை. சுமார் 10 லட்சம் பிள்ளைகள். காலையில் வந்ததும் கூடி நிற்காமல் நேராக வகுப்புக்குப் போக வேண்டும், அங்கே ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையையும் பார்க்க வேண்டும், சந்தேகம் இருந்தால் தனியாக உட்கார வைத்து மருத்துவருக்குக் காட்ட வேண்டும் என்று விதி வைத்தார்கள். அந்த வைரஸை மனிதரிடமிருந்து பிரித்தெடுத்ததே 1933-ல்தான். கருவி எதுவும் இல்லாத காலத்தில் ஆசிரியரின் கண்ணை நம்பினார்கள். எனக்கும் அந்தக் கண்மேல்தான் நம்பிக்கை.

தினமும் பார்க்கிற முகம் அது. வழக்கமாக ஓடி வருகிற பிள்ளை நடந்து வருகிறதா, பையை மாட்டிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துவிட்டதா, கண்ணில் நீர் கோத்திருக்கிறதா என்று வகுப்பாசிரியருக்குத்தான் தெரியும். தடிப்பைத் தேடுவதென்றால் முதலில் முடி முளைக்கும் நெற்றி ஓரத்தையும் காதுக்குப் பின்புறத்தையும் பாருங்கள். தட்டம்மை அங்கேதான் தொடங்கி முகம், உடம்பு என்று கீழே இறங்கும். நெற்றியில் காட்டும் தெர்மாமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். காற்றிலும் வெயிலிலும் வந்த தோல் அதை ஏமாற்றிவிடும். சந்தேகம் இருந்தால் ஐந்து பத்து நிமிடம் உட்கார வைத்து மறுபடி பாருங்கள். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் என்றால் காய்ச்சல்தான்.

இதையெல்லாம் வரிசையில் நிறுத்தி, எல்லோர் முன்னாலும் செய்யாதீர்கள். "உனக்குக் காய்ச்சல், தள்ளி நில்" என்று ஒரு முறை சத்தமாகச் சொன்னால் போதும், மறுநாளிலிருந்து பிள்ளைகள் இருமலை அடக்கிக்கொள்ளக் கற்றுக்கொள்வார்கள்.

தனியாக உட்கார வைக்கும் இடம் ஜன்னல் உள்ள அறையாக இருக்கட்டும். ஸ்டோர் ரூம் வேண்டாம். பெரியவர் ஒருவர் மாஸ்க் போட்டுக்கொண்டு பிள்ளை கண்ணில் படும்படி இருக்க வேண்டும். பள்ளியிலிருந்து எந்த மாத்திரையும் கொடுக்காதீர்கள். முக்கியமாக ஆஸ்பிரின் கூடவே கூடாது; ஃப்ளூவோ சின்னம்மையோ இருக்கும் பிள்ளைகளுக்கு அது மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ஆபத்தான நிலைக்குக் கொண்டுபோகலாம். மூச்சு வாங்குவது, எழுப்பினால் எழாமல் துவள்வது, கழுத்து விறைப்பு, வலிப்பு இவற்றில் எது இருந்தாலும் பெற்றோருக்காகக் காத்திருக்க வேண்டாம், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு அப்புறம் போன் செய்யுங்கள்.

வகுப்பில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வயிற்றுத் தொற்று ஒரு வகுப்பிலிருந்து பள்ளி முழுக்கப் போவது பெரும்பாலும் இந்தப் பத்து நிமிடத்தில்தான். வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நோரோ வைரஸ் தொற்ற 100-க்கும் குறைவான துகள்களே போதும். வாந்தி எடுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத துளிகள் பக்கத்து மேசைவரை தெறித்திருக்கும்.

முதலில் பிள்ளையைத் தாங்கிப் பிடித்து ஒரு வாளியைக் கொடுங்கள். மற்றவர்களை அந்த இடத்தைத் தாண்டாமல் எதிர்ப்பக்கமாக வெளியே அனுப்புங்கள். ஜன்னலைத் திறங்கள். ஃபேனை அணைத்துவிடுங்கள். துடைப்பத்தால் தள்ளவே கூடாது. சுத்தம் செய்கிறவர் கையுறை, மாஸ்க், ஏப்ரன் மூன்றும் போட்டுக்கொண்டுதான் தொட வேண்டும். பழைய துணியையோ தடித்த காகிதத்தையோ மேலே போட்டு மூடி, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி அள்ளி, பையில் போட்டுக் கட்டுங்கள். சோப்புத் தண்ணீரால் ஒரு முறை துடையுங்கள். அதன் பிறகுதான் பிளீச். அழுக்கின் மேலேயே பிளீச்சை ஊற்றினால் அதன் வேகம் அழுக்கிலேயே தீர்ந்துவிடும்.

கலவைக்கு, பாட்டிலில் 5 சதவீதம் என்று போட்டிருக்கும் பிளீச் திரவம் 20 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் சேர்த்தால் கிட்டத்தட்ட 0.1 சதவீதம் வரும். தரையும் மேசையும் பத்து நிமிடம் ஈரமாகவே இருக்கட்டும். வாந்தி விழுந்த இடத்தில் நிறுத்தாமல் சுற்றிலும் இரண்டு மீட்டராவது செய்யுங்கள். மேசைக்கால், பெஞ்சின் அடிப்பக்கம், கதவுப்பிடி எதையும் விட வேண்டாம். கலவை அன்றன்றைக்குப் புதிதாகத் தயாராக வேண்டும். டாய்லெட் கழுவும் ஆசிட்டோடு இதைக் கலந்தால் விஷ வாயு வரும். இரண்டு பாட்டிலையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்.

இந்த வேலையைப் பெரும்பாலும் ஆயாக்களும் துப்புரவுப் பணியாளர்களும்தான் செய்கிறார்கள். கையுறை வாங்கும்போது அவர்கள் கை அளவைக் கேட்டு வாங்குங்கள். அவர்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் சம்பளத்தோடு லீவு கொடுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்குக்குப் பிள்ளைகளுக்குச் சொன்ன 48 மணி நேரக் கணக்கு அவர்களுக்கும் உண்டு.

கை, காற்று, தண்ணீர்

நோரோ வைரஸுக்குச் சானிடைசர் நம்பகமானது அல்ல. சோப்பும் ஓடும் தண்ணீரும் 20 விநாடியும் வேண்டும். மற்ற நேரத்தில், கையில் அழுக்கு இல்லையென்றால், 60 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹால் உள்ள சானிடைசர் போதும். சோப்பு இல்லாத குழாயடியில் கை கழுவும் போஸ்டர் ஒட்டி ஒரு பயனும் இல்லை. காலையில் வைத்த சோப்பு மதியம் இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பை ஒருவர் பெயருக்கு எழுதிக் கொடுங்கள். "எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

தட்டம்மை வைரஸ், நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் 2 மணி நேரம்வரை காற்றில் இருக்கும். எதிரெதிர் ஜன்னல்களைத் திறப்பதுதான் மலிவான மருந்து. ஏசி அறை என்றால் கூடுதல் கவனம் தேவை, பெரும்பாலான ஏசிகள் அறைக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் சுற்றி விடுகின்றன. கார்பன் டை ஆக்சைடு அளக்கும் சிறிய மீட்டர் ஒன்று கிடைத்தால் நல்லது. வெளிக்காற்றில் 420 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 420 பங்கு) அளவில் இருக்கும். வகுப்பில் 800-ஐத் தாண்டினால் காற்று போதவில்லை என்று அர்த்தம். இறைவணக்கக் கூட்டத்தைக் கொஞ்ச நாள் வகுப்பிலேயே வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் பாட்டிலுக்குப் பெயர் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

பதிவேடும் கடிதமும்

வருகைப் பதிவேட்டில் வெறும் "ஆப்சென்ட்" போதாது. தனியாக ஒரு நோட்டு போடுங்கள். பெயர், வகுப்பு, அறிகுறி, அது தொடங்கிய தேதி, இதே பள்ளியில் படிக்கும் அண்ணன் தம்பி அக்கா தங்கை யார், எந்த வேனில் வருகிறார்கள். கடைசி இரண்டு கட்டங்களைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். வெவ்வேறு வகுப்பில் காய்ச்சல் என்று வந்த பிள்ளைகள் எல்லோரும் ஒரே வேன் என்று எனக்குத் தெரியவந்தது அந்தக் கட்டத்தால்தான். வகுப்புகளைத் தனித்தனியாகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்காது. எண்ணிக்கை வழக்கத்தைவிடக் கூடினால் சுகாதாரத் துறைக்குச் சொல்லுங்கள். தட்டம்மை என்று சந்தேகம் வந்தால் ஒரே ஒரு பிள்ளையாக இருந்தாலும் சொல்ல வேண்டும். தடுப்பூசி போடாத பிள்ளைகளுக்கு, நோயாளியோடு இருந்த 72 மணி நேரத்துக்குள் போட்டால் பலன் உண்டு. அதனால் யார் யாருக்கு இரண்டு டோஸ் முடிந்தது என்ற பட்டியல் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும்.

அதேபோல், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைகளின் வீட்டுக்கும் கர்ப்பமாக இருக்கும் ஆசிரியைகளுக்கும் முதலில் சொல்லுங்கள். சின்னம்மை, ருபெல்லா, கன்னம் அறைந்தாற்போல் சிவக்கும் பார்வோ வைரஸ் மூன்றுமே வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கக்கூடியவை.

பெற்றோருக்குப் போகும் கடிதத்தில் நோயின் பெயர், எந்த வகுப்பு, என்ன அறிகுறி, எப்போது வீட்டில் வைக்க வேண்டும், யாரைக் கேட்கலாம், இவ்வளவு இருந்தால் போதும். பிள்ளையின் பெயர் கூடாது. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் யாராவது பெயரைக் கேட்டால், "சொல்ல மாட்டோம். நாளை உங்கள் பிள்ளைக்கு வந்தாலும் சொல்ல மாட்டோம்" என்று பதில் போடுங்கள். அந்த இரண்டாவது வரியைப் படித்ததும் பெரும்பாலும் குழு அமைதியாகிவிடும்.

பிள்ளை திரும்பி வருவதற்கு முந்தின நாள் வகுப்பில் பேசிவிடுங்கள். சின்னம்மைத் தழும்போடு வரும் பிள்ளையின் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டேன் என்பார்கள். பொருக்கு கட்டிவிட்டால் ஒட்டாது என்று ஆசிரியர் முதலிலேயே சொல்லி, பழைய இடத்திலேயே உட்கார வைக்க வேண்டும்.

கட்டுப்பாடுகளை எப்போது எடுக்கலாம் என்று கேட்பார்கள். இரண்டு நாள் புதிதாக யாருக்கும் வரவில்லை என்று உடனே தளர்த்திவிடாதீர்கள். நோய் உடம்பில் நுழைந்து வெளியே தெரிய ஆகும் காலத்தின் அதிகபட்ச அளவைப் போல் இரண்டு மடங்கு காத்திருப்பதுதான் வழக்கமான கணக்கு. தட்டம்மைக்கும் சின்னம்மைக்கும் அது 21 நாள், ஆகவே கடைசி நோயாளிக்குப் பிறகு 42 நாள். அதுவரை நோட்டை மூடாதீர்கள். வேன் கட்டத்தையும் தினமும் நிரப்புங்கள்.