கட்டிய கழிப்பறை விறகுக் கொட்டகையாவது ஏன்? ஊருக்காக வடிவமைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊராட்சி கட்டிக்கொடுத்த கழிப்பறைக்குள் விறகும் உரமூட்டையும் அடுக்கியிருப்பதைப் பார்த்தால், "சனங்களுக்கு விழிப்புணர்வு பத்தாது" என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். பெரும்பாலும் அது அவசரத் தீர்ப்பு. குழியின் ஆழம், உட்காரும் பீங்கான் கோப்பையின் சரிவு, தண்ணீர்க் குழாய் இருக்கும் தூரம், கொத்தனாரிடம் யாரும் சொல்லாமல் விட்ட ஒரு விவரம் என்று எங்கேயாவது வடிவமைப்பில் கோளாறு இருக்கும். வட இந்தியாவின் ஐந்து மாநிலக் கிராமங்களில் நடந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில், பயன்படுத்தும் நிலையில் கழிப்பறை உள்ள வீடுகளிலேயே 40 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றில் குறைந்தது ஒருவராவது திறந்தவெளிக்குப் போய்க்கொண்டிருந்தார். கட்டடம் இருந்தது, பழக்கம் வரவில்லை.

வடிவமைப்புச் சிந்தனை என்ற பெயரில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புப் பள்ளியான டி.ஸ்கூல் பரப்பிய ஐந்து படிகள் பலருக்கும் தெரியும்: பயன்படுத்துபவரைப் புரிந்துகொள், சிக்கலை வரையறு, யோசனைகளைத் திரட்டு, மாதிரி செய், சோதித்துப் பார். இப்போதெல்லாம் இது பயிற்சி அரங்கில் வண்ணச் சீட்டு ஒட்டுவதோடு முடிந்துவிடுகிறது. மண்ணில் குழி வெட்டும் வேலைக்கு இதைக் கொண்டுவந்தால்தான் எந்தப் படியில் கால் வழுக்குகிறது என்று தெரியும். அதனால் இங்கே ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம்: இரட்டைக் குழிக் கழிப்பறை. 1970இல் பீகாரில் பிந்தேஸ்வர் பாடக் தொடங்கிய சுலப் அமைப்பு நாடெங்கும் பரப்பிய முறை இது. இரண்டு குழிகள், நடுவில் கழிவை எந்தக் குழிக்கு அனுப்புவது என்று பிரித்துவிடும் சேம்பர் என்ற சின்னத் தொட்டி. ஒரு நேரத்தில் ஒரு குழிதான் வேலை செய்யும். அது நிறைந்ததும் மற்றதற்கு மாற்றிவிட்டு, முதல் குழியை மூடி ஓய்வில் விட்டால் உள்ளே இருப்பது மக்கி எருவாகும். மோட்டார் இல்லை, கழிவை உறிஞ்சிப் போகும் லாரி இல்லை. கெடுப்பதற்கு அதிகம் ஒன்றும் இல்லாத அமைப்புதான், ஆனாலும் கெடுத்துவிடுகிறோம்.

கேள்வியிலேயே சறுக்குவது

"கழிப்பறை வேணுமா?" என்று கேட்டால் யார் வேண்டாம் என்பார்கள்? தூய்மை இந்தியா இயக்கத்தில் 12,000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு என்று தெரிந்தபின் கேட்கவே வேண்டாம். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு தேவை இருக்கிறது என்று எழுதுவதுதான் முதல் தவறு.

விருப்பத்தைக் கேட்காமல் நேற்று நடந்ததைக் கேளுங்கள். நேற்று காலையில் வீட்டில் யார் யார், எத்தனை மணிக்கு, எங்கே போனார்கள்? ராத்திரி குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் என்ன செய்கிறீர்கள்? குளிக்கும் தண்ணீரை யார், எங்கிருந்து தூக்கி வருகிறார்கள்? பாட்டியால் குந்தி உட்கார்ந்து எழ முடிகிறதா? இவற்றைத் திண்ணையில் இருக்கும் ஐயாவிடம் மட்டும் கேட்டால் பாதிதான் கிடைக்கும். தண்ணீர் சுமப்பவர் அவர் இல்லை. மாதவிலக்கு நாட்களைப் பற்றிய கேள்விகளை ஒரு பெண்தான் கேட்க வேண்டும், வீட்டுப் பெண்களிடம் தனியாக.

இவ்வளவும் கேட்டபின் ஒரு கேள்வி மீதியிருக்கிறது. அநேகமாக யாரும் கேட்பதில்லை: "குழி ரொம்பிட்டா என்ன பண்ணுவீங்க?"

பெரிய குழி என்ற பெரிய தவறு

அந்தக் கேள்விக்கான பதிலில்தான் எல்லாம் இருக்கிறது. குழி நிறைந்தால் யார் அள்ளுவது என்ற அச்சம் சாதியோடு பின்னியது. தலைமுறை தலைமுறையாகச் சில சாதியினர் மீது சுமத்தப்பட்ட வேலை அது. மற்றவர்கள் தொடமாட்டார்கள். அந்தச் சாதியில் பிறந்தவர்களோ அந்த இழிவிலிருந்து விடுபடப் போராடுகிறார்கள். ஆகவே வீட்டுக்காரர் ஒரு முடிவுக்கு வருகிறார்: நம் காலத்தில் நிறையவே கூடாத குழியாக வெட்டிவிடுவோம். பத்து அடி, பதினைந்து அடி. அவ்வளவு பெரிதாக வெட்டப் பணம் இல்லாதவர், கிடைத்த சிறிய குழியைச் சேமித்து வைக்கிறார். நோயாளிக்கும் விருந்தாளிக்கும் மட்டும் திறந்துவிட்டு, மற்றவர்கள் கருவேலங்காட்டுக்குப் போகிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது அக்கறையின்மை. வீட்டுக்காரருக்கு இது சிக்கனம்.

கணக்கைப் போட்டுக் காட்டினால் அச்சம் கொஞ்சம் தளரும். நீர் மண்ணில் கசிந்துபோன பிறகு குழியில் தங்குவது ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 0.04 முதல் 0.05 கன மீட்டர்வரை. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு மூன்று ஆண்டில் ஏறத்தாழ 0.68 கன மீட்டர். ஒரு மீட்டர் விட்டமும், குழாய் நுழையும் மட்டத்துக்குக் கீழே ஒரு மீட்டர் ஆழமும் உள்ள குழியின் கொள்ளளவு 0.78 கன மீட்டர். போதும். அந்த மட்டத்துக்குக் கீழே மூன்றேகால் அடிக்கு மேல் போக வேண்டிய அவசியமே இல்லை.

ஆழமாகப் போனால் கெடுதலும் உண்டு. குழியின் அடிமட்டத்துக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவே குறைந்தது 2 மீட்டர் மண் இருக்க வேண்டும். அந்த மண்தான் வடிகட்டி. பத்து அடி வெட்டினால் பல ஊர்களில் அந்த இடைவெளி போய்விடும், ஐப்பசி கார்த்திகையில் குழிக்குள் நீரே ஊறும். தவிரவும், ஒற்றைக் குழி எவ்வளவு பெரிதானாலும் ஒரு நாள் நிறையும். அன்று மேலே இருப்பது நேற்றையது, அடியில் இருப்பது இருபது வருடப் பழசு. அதை மக்கவைக்க வழியில்லை. லாரி போக முடியாத தெருவென்றால் யாரோ ஒருவர் உள்ளே இறங்க நேரும், உயிர் போவதும் அங்கேதான்.

கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், மலம் முழுமையாக மக்குவதற்கு முன் அதைக் கையாளுவதைத்தான் குற்றம் என்று வரையறுக்கிறது. இரட்டைக் குழியின் தர்க்கமும் அந்த வார்த்தையில்தான் நிற்கிறது. ஒன்றரை, இரண்டு ஆண்டு மூடிக் கிடந்த குழியில் இருப்பது மண்வாசனை அடிக்கும், உதிரும் எரு. நீண்ட நாள் தாக்குப்பிடிப்பவை உருண்டைப்புழுவின் முட்டைகள். அவற்றுக்காகத்தான் இவ்வளவு காத்திருப்பு. 2017 பிப்ரவரியில் தெலங்கானாவின் வாரங்கல் பகுதியில் கங்காதேவிபள்ளி என்ற ஊரில், மத்திய அரசின் குடிநீர், துப்புரவுத் துறைச் செயலர் பரமேஸ்வரன் ஐயரே குழியில் இறங்கி எருவை அள்ளிக் காட்டினார். ஆயிரம் சுவரொட்டி சொல்லாததை அந்தக் காட்சி சொன்னது. உங்கள் வட்டாரத்திலும் மக்கிய குழி ஒன்று இருந்தால், அதைத் திறக்கும் நாளில் பக்கத்து ஊர்க்காரர்களை அழைத்துக் காட்டுங்கள். இறங்குபவர் வீட்டுக்காரராகவோ அதிகாரியாகவோ இருக்கட்டும். வழக்கமான ஆளையே இறக்கினால் பழைய பாடத்தையே மறுபடி நடத்தியதாகிவிடும்.

சேர்த்துக்கொண்டே போவது

எளிய அமைப்பைப் பார்த்தால் நம் கைகளுக்கு ஏதாவது சேர்க்கத் தோன்றும். இரட்டைக் குழியில் சேர்க்கப்படுபவை பெரும்பாலும் கேடு.

குழியின் அடியில் கான்கிரீட் போடுவார்கள், "கெட்டியாக இருக்கட்டும்" என்று. நீர் இறங்காமல் சில மாதத்தில் குழி நிறைந்துவிடும். நிலத்தடி நீர் மேலே இருக்கும் இடங்களுக்கான தனி வடிவத்தைத் தவிர அடி மண்ணாகவே இருக்க வேண்டும். சுவரைச் செங்கல்லால் கட்டினால், செங்குத்து இணைப்புகளில் 50 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுத் தேன்கூடு போல் கட்ட வேண்டும். மணல்பாங்கான மண்ணில் அந்த இடைவெளி 12 முதல் 15 மில்லிமீட்டர் போதும், இல்லையென்றால் மணல் உள்ளே சரியும். சிமெண்ட் உறை இறக்கினால் துளையுள்ள உறையாகக் கேட்டு வாங்குங்கள். குழாய் நுழையும் மட்டத்துக்கு மேலே இடைவெளி கூடாது.

காற்றுக் குழாய் இன்னொன்று. செப்டிக் டேங்க்குக்கு வைப்பதைப் பார்த்து இதற்கும் வைக்கிறார்கள். இங்கே வாயுவை மண்ணே உறிஞ்சிக்கொள்ளும். காற்றுக் குழாய் வைத்தால் நாற்றம் பக்கத்து வீட்டுக்கும், கொசு குழிக்குள்ளும் போகும். குளியலறை நீரையும் இதே குழிக்குத் திருப்பினால் மண் தாங்காது. ஆசிட், பினாயில், பிளீச்சிங் பவுடர் ஊற்றினால் மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் சாகும். கொஞ்சம் சோப்புத்தூளும் ஒரு பிரஷ்ஷும் போதும்.

காசு சேமிக்கப்போய் கெடுப்பது பீங்கான் விஷயத்தில். கடையில் "ரூரல் பேன்" என்று கேளுங்கள். அதன் சரிவு 25 முதல் 28 பாகை, டிராப்பில், அதாவது நாற்றத்தை மறிக்க நீர் தங்கும் வளைவில், நிற்கும் நீர் 20 மில்லிமீட்டர். ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் ஊற்றினால் போய்விடும். நகரத்துத் தட்டைப் பீங்கானுக்கு ஒவ்வொரு முறையும் இதைப் போல் பல மடங்கு தண்ணீர் தேவை. தெருக்குழாயிலிருந்து குடம் சுமக்கும் பெண் அந்தக் கணக்கை முதல் வாரத்திலேயே போட்டுவிடுவார், கழிப்பறைக்குப் பூட்டு விழும். பீங்கானிலிருந்து குழிக்குப் போகும் குழாய்க்கு 15 அடிக்கு 1 அடி வீதம் சரிவு இருக்கட்டும்.

சேம்பரைச் சரியாக அடைக்காதது

இரட்டைக் குழி ஒற்றைக் குழியாக மாறும் இடம் சேம்பர். ஒய் வடிவத்தில் வாய்க்கால் பிரியும் ஒரு சின்னத் தொட்டி. இரண்டு வாயும் திறந்தே இருந்தால் இரண்டு குழியும் சேர்ந்து நிறையும், எதற்கும் ஓய்வு கிடைக்காது. மூன்று வருடம் கழித்து மாற்ற இடமில்லாமல் விழிக்க வேண்டியதுதான். பயன்படாத குழியின் வாயைச் செங்கல்லும் களிமண்ணும் வைத்து அடையுங்கள். சிமெண்ட் வேண்டாம், பிறகு பிரிக்க வேண்டும். சேம்பர் மூடியின் மேல் டைல்ஸ் ஒட்டிவிடும் வீடுகளும் உண்டு. பிறகு அது எங்கே இருக்கிறது என்று கொத்தனாருக்கே மறந்துவிடும். குழிகளுக்கு நடுவே குறைந்தது 1 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். நெருங்கினால் வேலை செய்யும் குழியின் நீர் ஓய்வெடுக்கும் குழிக்குள் ஊறும்.

மாதிரி பார்க்காமல் நூறு கட்டுவது

இலக்கு நூறு என்றால் நூறுக்கும் ஒரே நாளில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிடுகிறார்கள். முதலில் நான்கு போதும். ஒன்று முதியவர் உள்ள வீடு, ஒன்று தண்ணீர் தூரமாக உள்ள வீடு, ஒன்று பள்ளத்தில் உள்ள வீடு, ஒன்று ஆட்கள் அதிகமுள்ள வீடு. மூன்று மாதம், கட்டாயம் ஒரு மழைக்காலத்தோடு, ஓடவிட்டுப் பாருங்கள்.

அதற்கும் முன்னால் செலவில்லாத ஒரு மாதிரி உண்டு. தரையில் அறையின் அளவைச் சுண்ணாம்பால் வரைந்து, நான்கு கம்பு நட்டு, சேலையைச் சுற்றிக் கட்டுங்கள். பாட்டியை வாளியோடு உள்ளே போய்க் குந்தி எழச் சொல்லுங்கள். கை எங்கே ஊன்றுகிறது? அங்கே ஒரு பிடிகம்பி. கதவு உள்பக்கம் திறந்தால் வாளியில் இடிக்கிறதா? அப்படியானால் வெளிப்பக்கம் திறக்கட்டும். அரை மணி நேர வேலை.

மண்ணையும் சோதியுங்கள். குழியின் அடி வரப்போகும் மட்டத்தில் ஓர் அடி ஆழத்தில் சிறு துளை எடுத்து, இரவு முழுக்க நீர் ஊறவிட்டு, மறுநாள் மறுபடி நிரப்பி அளவுகோலை நடுங்கள். 25 மில்லிமீட்டர் இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால் அந்தக் களிமண்ணுக்கு இந்த முறை ஒத்துவராது. காவிரிப் படுகைபோல நீர் மேலாக நிற்கும் இடங்களில் மேட்டில் உயர்த்திக் கட்ட வேண்டும், அல்லது வேறு முறைக்குப் போக வேண்டும். திருச்சி மாவட்டம் முசிறியில் மலத்தையும் சிறுநீரையும் தனித்தனியே பிரிக்கும் கழிப்பறைகள் வந்தது அப்படித்தான். ஒரே வரைபடத்தை மாவட்டம் முழுக்க அனுப்புவது நிர்வாகத்துக்கு வசதி, அவ்வளவே.

ஒரு நாள் கூட்டத்தோடு பாடம் முடிந்தது என்று நினைப்பது

ஃப்ளெக்ஸ், பேரணி, உறுதிமொழி. இவற்றில் எதுவும் சேம்பரை எப்படி அடைப்பது என்று சொல்லித்தருவதில்லை. முதலில் கற்க வேண்டியவர் கொத்தனார். செயலாக்கத்தில் கெடுவது பெரும்பாலும் அவர் கையில்தான், ஆனால் பயிற்சிப் பட்டியலில் அவர் பெயர் இருக்காது. அவர் கையாலேயே ஒரு குழியைத் தேன்கூடாகக் கட்டவைத்து, ஏன் என்று சொன்னால் போதும். கூலியை உறைக் கணக்கில் பேசாமல் வேலைக் கணக்கில் பேசுங்கள். இல்லையென்றால் ஆழம் கூடக்கூட அவருக்கு லாபம்.

வீட்டாருக்கான பாடம் சுவரிலேயே இருக்கட்டும். கதவின் உள்பக்கம் பெயின்ட்டால் மூன்று வரி: எந்தக் குழி ஓடுகிறது, திறந்த தேதி, மாற்ற வேண்டிய மாதம். மாற்றும் வேலை வரும்போது, இதைச் சொல்லித்தந்த ஊக்குநர் பணிமாறிப் போயிருப்பார். சுவர் அங்கேயே இருக்கும்.

2000இல் வங்கதேசத்தின் ராஜ்சாஹி மாவட்டத்தில் மோஸ்மோயில் என்ற ஊரில் இந்திய வளர்ச்சி ஆலோசகர் கமல் கர் தொடங்கிய முறை, ஊர்க்காரர்களே தங்கள் ஊரைச் சுற்றி நடந்து, தரையில் வரைபடம் போட்டு, மலம் எங்கே போய்ச் சேர்கிறது என்று தாங்களே கண்டுபிடிக்கும்படி அமைந்தது. பல நாடுகளுக்குப் பரவியபோது அதில் ஒரு பகுதி திரிந்து, காலையில் விசில் ஊதித் துரத்துவதும் படம் எடுத்து அவமானப்படுத்துவதும் ஆகிவிட்டது. அவமானம் ஆளை இன்னும் தூரமான புதருக்கு அனுப்பும். பெண்களுக்கு அது ஆபத்தும்கூட.

கட்டியதை எண்ணுவது

கடைசியாக அளவை. கழிப்பறை முன்னால் வீட்டுக்காரரை நிறுத்தி எடுத்த புகைப்படம், பணம் செலவானதற்குச் சான்று. பயன்பாட்டைப் பார்க்க ஆறு மாதம் கழித்து, முன்தகவல் இல்லாமல் போக வேண்டும். பீங்கான் ஈரமாக இருக்கிறதா, குவளையும் பிரஷ்ஷும் உள்ளே இருக்கின்றனவா, வாசலுக்கு நடைதடம் விழுந்திருக்கிறதா, மூலையில் ஒட்டடை தொங்குகிறதா என்று பார்த்தாலே போதும். "பயன்படுத்துறீங்களா?" என்று மொத்தமாகக் கேட்காமல், வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்: பெரியவர் இன்றைக்கு எங்கே போனார், சின்னவன் எங்கே போனான்? ஒருவர் போகவில்லை என்றால் காரணத்தை அவர் சொன்ன வார்த்தையிலேயே குறித்துக்கொண்டு, அடுத்த தெருவில் குழி வெட்டுவதற்கு முன் வரைபடத்தைத் திருத்துங்கள்.