திராமிசு குழையாமல் அமைய

இத்தாலியின் திரெவீசோ நகரத்துக்குப் பெருமை சேர்த்த, காப்பியில் நனைத்த பிஸ்கட்டையும் கிரீமையும் மாறி மாறி அடுக்கிச் செய்யும் திராமிசு என்ற இனிப்பை வீட்டில் செய்யும்போது, பெரும்பாலும் அதைக் கெடுப்பது பிஸ்கட் அளவுக்கு மீறிக் காப்பியில் ஊறிவிடுவதுதான். கெட்டியான எஸ்பிரஸ்ஸோ காப்பியை நன்றாக ஆறவைத்து, சவோயார்தி எனும் நீளமான, மொறுமொறுப்பான இத்தாலிய பிஸ்கட்டின் இரு பக்கங்களையும் ஒரு நொடி மட்டும் நனைத்து உடனே அடுக்குங்கள். நடுவில் சற்று உலர்ந்திருந்தாலும், இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கையில் கிரீமின் ஈரத்தை இழுத்து அது மென்மையாகிவிடும். கிரீமுக்கு, 4 மஞ்சள் கருக்களையும் 100 கிராம் சர்க்கரையையும் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து, நிறம் வெளிறிக் கெட்டிப்படும்வரை விடாமல் அடித்து, முழுவதும் ஆறிய பிறகே 500 கிராம் மஸ்கர்போனே என்ற மென்மையான கிரீம் சீஸை மெதுவாகக் கலக்க வேண்டும். வேகமாக அடித்தால் அது திரிந்துபோகும். பச்சை முட்டை சேர்ப்பதைவிட இந்த முறையே எனக்கு உகந்ததாகத் தோன்றுகிறது. கோகோ தூளைப் பரிமாறும் நேரத்தில் தூவுங்கள். முன்பே தூவினால் ஈரமேறிக் கறுத்துவிடும்.