முதலில் பெட்டியின் எடை, பிறகு டிக்கெட்

வெளிநாட்டுக்கு வந்தபின் ஊருக்குப் போகும் முதல் பயணத்துக்கு டிக்கெட் தேடும்போது கண் விலையின் மேல்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. பெட்டியைப் பற்றிய நினைப்பு, புறப்படுவதற்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் வந்தது. எத்தனை கிலோ கொண்டுபோகலாம் என்பது டிக்கெட் வாங்கிய நிமிடத்திலேயே முடிவாகிவிடுகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. அதனால் புதிதாக வந்திருப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். என்னென்ன எடுத்துப்போகப் போகிறீர்கள் என்று ஒரு மூலையில் குவித்து வையுங்கள். நிறுத்துப் பாருங்கள். அதன்பிறகு டிக்கெட் தேடுங்கள்.

நிறுப்பதற்கு வீட்டில் ஆள் எடை பார்க்கும் கருவியே போதும். பெட்டியை அதன்மேல் வைத்தால் எண் மறைந்துவிடும். ஆகவே முதலில் வெறுங்கையோடு ஏறி நில்லுங்கள், பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள், இரண்டையும் கழித்துக்கொள்ளுங்கள். கொக்கியில் மாட்டித் தூக்கிப் பார்க்கும் சிறிய தராசு கிடைத்தால் அதை வாங்கிப் பயணத்திலும் கூடவே வைத்திருங்கள், திரும்பி வரும்போதும் அது வேண்டும். காலிப் பெட்டியின் எடையையும் பார்க்கத் தவறாதீர்கள். பெரிய பெட்டி ஒன்று சாதாரணமாக 4, 5 கிலோ இருக்கும். 23 கிலோ அனுமதியில் பெட்டியே 5 கிலோ என்றால் சாமானுக்கு மிஞ்சுவது 18 கிலோதான்.

விமான நிறுவனங்கள் சாமானைக் கணக்கிட இரண்டு முறைகள் வைத்திருக்கின்றன. ஒன்று எண்ணிக்கை முறை. இத்தனை பெட்டி, ஒவ்வொன்றும் இத்தனை கிலோ என்பது கணக்கு. இன்னொன்று எடை முறை. மொத்தம் இத்தனை கிலோ, அதைச் சில பெட்டிகளாகப் பிரித்துக்கொள்ளலாம். இ-டிக்கெட்டில் '2 பிசி' (2PC) என்று இருந்தால் முதல் வகை, '30 கே' (30K) என்று இருந்தால் இரண்டாம் வகை. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் கவுன்டரில் வாதாடுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். இரண்டு பெட்டி, தலா 23 கிலோ என்ற டிக்கெட்டில் ஒரு பெட்டி 26 கிலோவும் மற்றது 20 கிலோவும் இருந்தால், மொத்தம் 46தானே என்ற கணக்கு அங்கே செல்லாது. 26 கிலோ பெட்டிக்குக் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். எடை முறையில் இந்தச் சிக்கல் இல்லை. ஒரே முன்பதிவில் சேர்ந்து போகும் குடும்பத்துக்கு எல்லோருடைய எடையையும் கூட்டிப் பார்க்கப் பல நிறுவனங்கள் சம்மதிக்கும். எந்த முறையானாலும் தனிப்பெட்டி ஒன்று 32 கிலோவைத் தாண்டினால் பெரும்பாலான இடங்களில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதைத் தூக்கி ஏற்றும் தொழிலாளியின் முதுகைக் காப்பதற்கான வரம்பு அது. நியாயமான வரம்பு. அளவிலும் வரம்பு உண்டு. எண்ணிக்கை முறையில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதே பெரும்பாலான நிறுவனங்களின் விதி.

இப்போது விலைக்கு வருவோம். ஒரே விமானத்தில், ஒரே வகுப்பில், நான்கைந்து கட்டண வகைகள் இருக்கும். மிகக் குறைந்த கட்டணத்தில், நீண்ட தூரப் பயணமாக இருந்தாலும், சரக்கறைக்குப் போகும் பெட்டிக்கு அனுமதியே இல்லாமல் இருக்கலாம். தேடலில் மேலே வந்து நிற்பது அதுதான். உங்களுக்கு இரண்டு பெட்டி வேண்டும் என்றால் பெட்டிக் கட்டணத்தையும் சேர்த்துக் கூட்டிய தொகையைத்தான் ஒப்பிட வேண்டும். மாணவராக இருந்தால் மாணவர் கட்டணம் உண்டா என்று பாருங்கள். பல நிறுவனங்கள் அதில் கூடுதலாக ஒரு பெட்டியோ சில கிலோவோ தருகின்றன. ஆனால் முன்பதிவின்போதே அந்த வகையைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும், பயணத்தன்று மாணவர் அட்டையும் கையில் இருக்க வேண்டும்.

நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். மலிவாக இருக்கிறதே என்று இரண்டு நிறுவனங்களில் தனித்தனியாக இரண்டு டிக்கெட் எடுத்திருந்தேன். முதல் கவுன்டரில் பெட்டியில் ஒட்டிய சீட்டைப் பார்த்தேன், இடையில் மாறும் ஊரின் குறியீடு மட்டும்தான் இருந்தது. கேட்டபோது, இது தனி டிக்கெட், பெட்டி அங்கேயே இறங்கிவிடும் என்றார்கள். அங்கே குடியேற்ற வரிசையில் நின்று வெளியே வந்து, பெட்டியை எடுத்துக்கொண்டு, அடுத்த கவுன்டர் வரிசையின் கடைசியில் போய் நின்றேன். முதல் நிறுவனம் 30 கிலோ அனுமதித்திருந்தது, இரண்டாவது 20தான். தரையில் பெட்டியைத் திறந்து வைத்து, வரிசையில் நிற்பவர்கள் கால்களுக்கு நடுவே, எதை விடுவது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்த அந்தக் கால் மணி நேரத்தை மறக்க முடியாது. அம்மாவுக்கு வாங்கிய போர்வையை மட்டும் தோளில் போட்டுக்கொண்டேன். டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததைவிட அதிகமாகக் கட்டினேன். விசா இல்லாமல் வெளியே வர முடியாத நாடாக இருந்திருந்தால் பயணமே நின்றிருக்கும். சாமான் அதிகம் என்றால் முழுப் பயணத்துக்கும் ஒரே முன்பதிவாக, ஒரே டிக்கெட்டாக எடுங்கள். வழியில் நிறுவனம் மாறினாலும் சாமான் விதி அந்த டிக்கெட்டிலேயே எழுதியிருக்கும்.

எவ்வளவு குறைத்தாலும் எடை மிஞ்சுகிறது என்றால் கூடுதல் எடையை முன்கூட்டியே இணையத்தில் வாங்குங்கள். கவுன்டரில் கேட்கும் தொகையைவிட அது பெரும்பாலும் குறைவு. புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பே அந்த வசதியை மூடிவிடுவார்கள் என்பதால் கடைசி இரவுவரை தள்ளிப்போட வேண்டாம். அவசரமில்லாத சாமானைத் தனியாகச் சரக்கில் அனுப்புவதும் ஒரு வழி. அங்கே எடையோடு கன அளவும் கணக்கில் வரும். விமானச் சரக்கில் வழக்கமாகச் சென்டிமீட்டரில் மூன்று பக்கங்களையும் பெருக்கி 6000ஆல் வகுப்பார்கள். அது உண்மையான எடையைவிடக் கூடினால் அதற்குத்தான் கட்டணம். 60, 50, 40 சென்டிமீட்டர் பெட்டியில் 8 கிலோ துணி இருந்தாலும் 20 கிலோவுக்குப் பணம் கட்ட நேரிடும்.

கைச்சாமானில் ஒரு விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது. பவர் பேங்கும் தனி லித்தியம் பேட்டரிகளும் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் இருக்கவே கூடாது. அங்கே தீப்பிடித்தால் அணைக்க யாரும் இல்லை. 100 வாட்-மணி (பேட்டரியில் அடங்கும் மின்னாற்றலின் அளவு) வரை கையில் கொண்டுபோகலாம், அதற்கு மேல் 160 வரை நிறுவனத்தின் சம்மதம் வேண்டும். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்பது சுமார் 74 வாட்-மணி. விமானம் நிரம்பிவிட்டது என்று ஏறும் வாசலில் சில சமயம் உங்கள் கைப்பெட்டியை வாங்கிச் சரக்கறைக்கு அனுப்புவார்கள். அந்த நேரத்தில் பவர் பேங்க், பாஸ்போர்ட், மருந்து, நகை எல்லாவற்றையும் வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றை முதலிலேயே ஒரு சிறு பையில் போட்டு மேலாக வைத்தால் ஒரு நொடியில் உருவிவிடலாம். திரவங்களுக்கு 100 மில்லி வரம்பைச் சில விமான நிலையங்கள் தளர்த்தியிருந்தாலும், வழியில் மாறும் இடத்தில் மறுபடி சோதனை இருக்கலாம். கடுமையான விதியையே நம்பிப் பெட்டியைக் கட்டுங்கள்.

ஊருக்குப் போகிறீர்கள் என்று தெரிந்ததும் சின்னப் பொட்டலம்தான் என்று யாராவது நீட்டுவார்கள். வாங்கலாம், ஆனால் திறந்து பார்த்து, உள்ளே இருப்பதை நீங்களே எடுத்து அடுக்க வேண்டும். ஒட்டி மூடியதை அப்படியே வாங்காதீர்கள். உங்கள் பெயரில் போகும் பெட்டியில் என்ன இருந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். இதைச் சொல்லி மறுப்பதால் கோபித்துக்கொள்பவர்களுக்காக வருந்த வேண்டியதில்லை.

கவுன்டரில் பெட்டி நகர்வதற்கு முன்பு சீட்டில் கடைசி ஊரின் மூன்றெழுத்துக் குறியீடு சரியா என்று பாருங்கள். பெட்டியைத் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் படம் எடுத்து வைத்திருங்கள். இறங்கிய இடத்தில் பெட்டி வரவில்லை அல்லது உடைந்திருக்கிறது என்றால், மண்டபத்தை விட்டு வெளியே வருவதற்குள் சாமான் பிரிவில் புகார் பதிந்து எண்ணை வாங்குங்கள். 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, சேதத்துக்குப் பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள்ளும், தாமதத்துக்கு 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். இழப்பீட்டுக்கு ஆளுக்கு 1,519 எஸ்டிஆர் என்பது 2024 டிசம்பர் 28 முதல் உச்சவரம்பு. எஸ்டிஆர் என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு, அன்றைய மதிப்பில் உங்கள் பணத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அதைவிட விலை உயர்ந்த பொருள் எதையும் அந்தப் பெட்டிக்குள் வைக்காதீர்கள்.